கண்ணுக்குப் பின்னால் எடுத்த படம்

எண்பதுகளின் நடுவில் என் மனைவியின் கண்கள் பிதுங்கி வெளியே வந்தன. இமை மூடித் தூங்க முடியாமல் தவித்தாள். வலையில் மீன் குறைந்த நாளெல்லாம் ஊர் அவளைத்தான் கரித்துக்கொட்டியது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு பிரிக்கும் நாளில் ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, உன் சம்சாரம் இன்னிக்கி வெளிய வராம பாத்துக்க. அந்த முழி பட்டா மீன் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளே அவளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். புதிதாக வந்திருந்த ஸ்கேன் மெஷினில் படம் எடுத்தார்கள். தைராய்டு கோளாறால் கண்ணுக்குப் பின்னால் சதை வீங்கி, பார்வை நரம்பை நெரிக்கிறது என்று டாக்டர் படத்தில் தொட்டுக் காட்டினார்.

"மருந்துல வீக்கம் வடியும். இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க?"

நான் படத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைத் தலைவர் முன்னால் விரித்தேன்.

"பாருங்க. கண்ணேறும் இல்ல, காத்துகருப்பும் இல்ல. சதை வீங்கிக் கிடக்குது. மீனில்லன்னா ஏரியப் போய்க் கேளுங்க!"

வீட்டுக்கு வந்தும் கத்திக்கொண்டிருந்தேன். மனைவி நிறுத்தினாள்.

"அவங்கள வையறது இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் அழுதப்ப, ஆடி மாசம் கூழ் ஊத்தினா அம்மன் பாத்துக்குவான்னு சொன்னது யாரு?"

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. இடது கண்ணில் மட்டும் பார்வை பாதிதான் திரும்பியது. அம்மன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் என்னைத்தான் வைதுகொள்கிறேன்.