மின்மினியின் பின்பக்கம்

தீர்த்தகிரி கட்டிய விண்கலத்துக்கு எல்லாம் இருந்தது. கூரான மூக்கு, இரண்டு குட்டை இறக்கைகள், வரிசையாக வட்ட ஜன்னல்கள், ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும் கதவு. பின்பக்கம் மட்டும் இல்லை. அங்கே ஒரு தட்டைத் தகடு. துருப் பிடிக்காமல் இருக்க அதன்மேல் அடித்த செந்நிற ரெட் ஆக்சைடு. அதை முடிக்காமலே மாசி மாதத்தில் ஒரு காலை, பட்டறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இப்போது சித்திரை. சேலத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் கண்காட்சி. கலத்தை ஏற்றிப் போக ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. மகள் தீபிகா ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வடிவமைப்பு இன்ஜினியர். விடுப்புப் போட்டுவிட்டு நாமக்கல் வந்து, பட்டறைக் கொட்டகையில் அந்தச் சிவப்புத் தகட்டின் முன் நின்றாள். அங்கே என்ன வைத்தால் அப்பா ஒத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

தம்மம்பட்டிப் பக்கத்து வயல்காட்டு வேலையை விட்டுவிட்டு பதினெட்டு வயதில் நாமக்கல் வந்தவர் தீர்த்தகிரி. லாரி கம்பெனியிலிருந்து வெறும் சட்டமும் இன்ஜினுமாக வரும் வண்டிக்குப் பாடி கட்டுவது இந்த ஊரின் தொழில். அதில் அவர் டிங்கர். தகட்டை வெட்டி, தட்டி, வளைத்துப் பூட்டுகிறவர். கை நல்ல கை. வாய் அதைவிடப் பெரியது. தான் கட்டிய வண்டி கல்கத்தா வரை ஒரு ரிவிட் கழலாமல் போய் வந்த கதையை, கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டிவியில் ஒரு தொடர் வந்தது. ‘துருவத்துக்கு அப்பால்’ என்று பெயர். மின்மினி என்ற சின்ன விண்கலத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் கோள் கோளாகப் போவார்கள். முதலாளி வீட்டுக் கூடத்தில் பட்டறை ஆட்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மின்மினி செந்நிற மணலில் வந்து இறங்கியது. தங்கை கதவைத் திறந்தாள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, தீர்த்தகிரி மட்டும் எழுந்து கத்தினார்.

“டேய், அந்த ஜன்னலு! அது நம்ம ஹெட்லைட்டு வளையம்டா!”

“உக்காருடா, மறைக்குது” என்றார் பக்கத்திலிருந்த ஆண்டி. ஆண்டி அதே பட்டறையில் பெயின்டர்.

தீர்த்தகிரி சொன்னது சரி. செட் போட்டவர்கள் லாரி ஹெட்லைட்டைச் சுற்றி மாட்டும் ஏழு இஞ்சு வளையத்தை வாங்கி, கண்ணாடி வைத்து ஜன்னலாக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு வாரமும் விடாமல் பார்த்தார். “நட்சத்திரத்துக்குப் போற வண்டியிலயும் நம்ம சாமான்தாங்க” என்று முப்பது வருடம் சொல்லித் திரிந்தார். நம்பியவர்கள் குறைவு.

மூன்று வருடங்களுக்கு முன்னால், யாரோ பழைய டேப்பிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருந்த அந்தத் தொடரின் சில பகுதிகளைத் தீபிகா பார்த்தாள். அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடம் அழைப்பு வந்தது.

“பாத்தியா சாமி, வளையம் தெரியுதா? அது ஏழு இஞ்சு. அது தெரிஞ்சா மூக்கு எத்தன, எறக்கை எத்தனன்னு நீ போட்டுருவீல்ல?”

“போடலாம்ப்பா. எதுக்கு?”

“கட்டறதுக்குத்தான். வேறெதுக்கு?”

தீபிகா காட்சிகளை நிறுத்திப் படமெடுத்து, கேமராக் கோணத்தைக் கழித்து, வளையத்தை அளவாக வைத்து வரைந்தாள். அவர் பட்டறையின் வெட்டுத் துண்டுகளை வைத்துக் கொட்டகையில் கட்டினார். வரைபடம் ஓசூரிலிருந்து போகும். வசவு நாமக்கல்லிலிருந்து வரும். “இந்த மூலைல வெல்டு வைக்கக் கை எப்படிப் போவும்? எலிய உட்டு வைக்கறதா?” அவள் மாற்றி வரைவாள். அவள் வேலையில் வரைந்த எதையும் யாரும் அத்தனை முறை பார்த்ததில்லை.

பட்டறை ஆட்கள் சும்மா இருப்பார்களா? “ஏனுங்ணா, பெர்மிட்டு எந்தக் கெரகத்துக்கு?” என்பார்கள். “நேஷனல் பெர்மிட்டுக்கு மேல ஒண்ணு இருக்குதாம். எழுதிப் போட்டிருக்கேன்” என்பார். மனைவி மயிலம்மாளின் புகார் வேறு: “ஊட்டு வாசக் கதவு மூணு வருசமாத் தொங்குது. இவரு வானத்துக்குக் கதவு மாட்டறாரு.”

அவருக்கு ஒரே விதி. படத்தில் இல்லாதது எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. இறக்கையின் நுனியில் ஒரு கீறல் தெரிகிறதா? அதையும் போட்டார். ஆனால் தொடரில் மின்மினியின் பின்பக்கம் வரவே இல்லை. கிடைத்த எல்லாப் பகுதிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். கலம் முன்னால் வரும், பக்கவாட்டில் திரும்பும், அடுத்த காட்சியில் வானத்தில் புள்ளியாகிவிடும். “தெரியாததை எப்படி வைக்கறது? பொய்யாப் போயிரும்” என்று தகட்டை அடித்து, ரெட் ஆக்சைடு பூசி நிறுத்தினார்.

வியாழக்கிழமை கண்காட்சியின் பொறுப்பாளர் லிடியா டீச்சர் சேலத்திலிருந்து பேசினார். தீபிகா உள்ளதைச் சொன்னாள்.

“அதனால என்னம்மா? மாடி ஹால்ல சுவரோட ஒட்டி நிறுத்திடலாம். பின்பக்கத்தை யார் பார்க்கப் போறாங்க? எடை எவ்வளவு இருக்கும்? நாலு பசங்க தூக்கிடுவாங்கல்ல?”

“ஆயிரத்து நானூறு கிலோ இருக்குங்க மேடம்.”

“நாங்க தெர்மாகோல்னு நினைச்சோம்மா.”

தொடரில் இருந்தது ஒட்டுப்பலகைதான். தீர்த்தகிரிக்கு அப்படிக் கட்டத் தெரியாது. அடியில் லாரிக்குப் போடும் இரும்புச் சேனல் சட்டம், மேலே லாரிக்குப் போடும் தகடு. பத்துக் குழந்தைகள் உள்ளே ஏறிக் குதிக்கலாம். மாடிதான் தாங்காது.

“அப்போ மைதானத்துல நடுவுல வச்சிடலாம். சுத்தி நின்னு பார்க்கட்டும்” என்றார் டீச்சர்.

சுவர் போயிற்று. நான்கு பக்கமும் தெரியும். தீபிகா மடிக்கணினியைத் திறந்து இரண்டு உந்துகுழாய்கள் வரைந்தாள். கலத்தின் எடைக்குத் தகுந்த அளவு. கணக்கு சரியாக இருந்தது. பார்த்தால் வேறு யாரோ கட்டியது போல இருந்தது. அழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆண்டி வந்தார். கையில் பிரஷ் டப்பா. தகட்டின் முன்னால் குந்தி, உள்ளங்கையால் அதைத் தடவினார்.

“இதையா இத்தன நாளா முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கற? வண்டின்னா பின்னாடி என்ன இருக்கும்?”

“இது லாரி இல்லீங்க மாமா.”

“ஆரு சொன்னது? கட்டினவன் லாரிக்காரன். முன்னாடி பாக்கறவன் ஒரு நொடி பாப்பான், போயிருவான். பின்னாடி வாரவன் ஊரு வரைக்கும் பாத்துக்கிட்டே வாரான். பின்பக்கந்தான் சாமி வண்டிக்கு மொகம்.”

“படத்துல இல்லாதது வைக்கக் கூடாதுன்னாருங்க அப்பா.”

“படத்துல பின்பக்கமே இல்லீயே. இல்லாத எடத்துல நாம வைக்கறது எப்படித் தப்பாவும்?”

தீபிகா அதை யோசித்தாள். எங்கே பிடித்துத் திருப்பினாலும் வாதம் கழலவில்லை.

அன்றே வேலை தொடங்கியது. அவள் இரண்டு சிவப்பு டெயில் லைட்டுக்குத் துளை போட்டாள். கீழே சேறு தெறிக்காமல் தடுக்கும் ரப்பர் தொங்கவிட்டாள். ரிவிட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று வரைபடத்தில் தேடவில்லை. பக்கவாட்டில் அப்பா அடித்ததை டேப் வைத்து அளந்து அதையே பிடித்தாள். ஆண்டி மஞ்சள் பூசி, ஓரத்தில் பூக்கொடி விட்டு, இரண்டு மயில் நிறுத்தினார். பிறகு பெரிய எழுத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்று கோடு போட ஆரம்பித்தார்.

“மாமா, அங்க காத்தே கெடையாது. ஹாரன் அடிச்சாக் கேக்காதுங்க.”

“கேக்காட்டிப் போவுது. எழுதாம வண்டிய வெளிய உட்டா உங்கப்பன் என்னைய சும்மா உடுவானா?”

அவள் சிரித்துவிட்டாள். மாசிக்குப் பிறகு முதல் தடவை. உடனே கண் நிறைந்தது. திரும்பிக்கொண்டு டிரில்லைத் துடைத்தாள்.

கடைசியாக நடுவில் ஒரு நீளக் கட்டம் மிச்சமிருந்தது. லாரிகளில் பாடி கட்டிய பட்டறையின் பெயர் வரும் கட்டம். ஆண்டி பிரஷை நனைத்து, டப்பா விளிம்பில் வழித்தார்.

“அவன் கட்டின வண்டியிலெல்லாம் பட்டறைப் பேர எழுதினது இந்தக் கைதான். ஒரு நாளும் எம்பேர எழுதுன்னு அவன் கேட்டதில்ல. இதுல எழுதட்டுமா?”

சாப்பாடு கொண்டு வந்திருந்த அம்மாவைத் தீபிகா பார்த்தாள். மயிலம்மாள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அவருகிட்டக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு. அப்பறம் நாலு பேரைக் கூட்டியாந்து நிறுத்தி, படிங்கன்னிருப்பாரு. எழுதுங்க.”

ஆண்டி எழுதினார். ‘கட்டியவர்: தீர்த்தகிரி, நாமக்கல்.’ வெள்ளை எழுத்து, நீல நிழல்.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் தூக்கி வைக்க, மின்மினி லாரியில் ஏறியது. மூக்கு முன்னால், பெயர் பின்னால். பட்டறை ஆட்கள் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். தீபிகா காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டியது. வெயிலில் மயில்கள் மின்னின. டெயில் லைட்டுகளுக்கு நடுவே அப்பாவின் பெயர் சாலையின் ஏற்றத்தில் உயர்ந்து இறக்கத்தில் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

ஆண்டகளூர் கேட் அருகே ஒரு போர்வெல் ரிக் லாரி காருக்குப் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. கிளீனர் பாதி உடம்பை வெளியே நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தான். டிரைவரிடம் ஏதோ சொன்னான். டிரைவர் குனிந்து பார்த்தார். பிறகு எழுதியிருந்தபடியே செய்தார்: நீளமாக ஒரு ஹாரன். மயிலம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாலை அகலமாக, முன்னால் காலியாகக் கிடந்தது. தீபிகாவின் கால் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. கை இண்டிகேட்டருக்குப் போயிற்று.

“முந்தாத சாமி” என்றாள் மயிலம்மாள். “சேலம் வரைக்கும் பின்னாடியே போ.”