மணமகன் நாற்காலியில் உட்கார்ந்த நடுவர்

சூலூர் லட்சுமணசாமிக்கு மூன்று வேலைகள். பகலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை. முகூர்த்த நாட்களில் சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தி மேற்பார்வை. வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கராத்தே, கிக் பாக்சிங் போட்டிகளுக்குத் தலைமை நடுவர். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்வார் என்று சொல்கிறார்கள். அதுவும் பந்தியில் யாருக்கு முதலில் இலை போட வேண்டும், யாரை அடுத்த பந்திக்கு நிறுத்த வேண்டும் என்பதில் அவருக்கு இணை கிடையாதாம். மூன்றாவது வேலையையும் அந்த அறிவை வைத்துத்தான் செய்தார்.

அவர் யாரையும் உதைத்து நாங்கள் பார்த்ததில்லை. கறுப்பு பெல்ட்டை எந்த மாஸ்டர் கொடுத்தார் என்று கேட்டால், "அந்தக் காலத்துல எல்லாம்" என்று ஆரம்பித்து, அந்தக் காலத்து வெயில், அந்தக் காலத்து நெய் என்று போய்விடுவார். மாவட்டச் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது கையில் ஸ்கூட்டரும் வீட்டில் டெலிபோனும் இருந்த ஒரே ஆள் அவர்தான். செயலாளர் ஆனார். செயலாளரே தலைமை நடுவரும் ஆனார். மே மாத வெயிலிலும் கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கோட்டைப் பார்த்து நானும் ஒரு வருஷம் ஏமாந்தேன்.

மதிப்பெண் முறை சிரமமானது ஒன்றும் இல்லை. மூன்று ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் நன்றாக ஆடியவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது. ஒருவன் அடிபட்டுக் கீழே விழுந்தால் அவனுக்கு எட்டு. சமமாக ஆடினால் இருவருக்கும் பத்து. மூன்று நடுவர்கள் தனித்தனியாக மூன்று பக்கம் உட்கார்ந்து, ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் போட வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து தெரியாத அடி இன்னொரு பக்கத்திலிருந்து தெரியும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. லட்சுமணசாமி மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். காரணம் கேட்டதற்கு, "போண்டாவும் காப்பியும் மூணு பக்கம் யாருங்க தூக்கீட்டுத் திரியறது?" என்றார். அவர் பென்சிலை எடுத்த பிறகுதான் மற்ற இருவரும் பென்சிலை எடுப்பார்கள்.

எங்கள் மாஸ்டர் ரசாக் பாய் வெட் கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுச் சண்டை கேசட் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் உண்டு. நடுவர் மேசையே இல்லை. தோற்றவன் தன் கையாலேயே தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். நாங்கள் வாயைப் பிளந்தோம். பிறகு வந்த ஒரு கேசட்டில் அங்கேயும் மூன்று பேரை மார்க் போட உட்கார வைத்துவிட்டார்கள். ரசாக் பாய் டிவியை அணைத்துவிட்டு, "அங்கயும் லட்சுமணசாமி போயிட்டாரு போலடா" என்றார். நாங்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

சிரிப்பு நின்றது தொண்ணூற்றேழாம் வருஷத் தேர்வுப் போட்டியில். எங்கள் ரவிக்குமார் அதில் இறங்கினான். பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருவான். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஒருவனைத்தான் சென்னை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். தறி முதலாளி அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவ செயிச்சா போய்ட்டு வா. தோத்தா இந்தச் சண்டையெல்லாம் உட்டுப்போட்டுத் தறியப் பாரு." வீட்டில் அவன் ஒருவன் சம்பளம்தான். அதனால் தோற்றால் அன்றோடு நிறுத்திவிடுவது என்று அவனும் முடிவு செய்திருந்தான்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். கூடத்தின் நடுவிலிருந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நான்கு சவுக்குக் கம்பங்களை நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் மேடை அப்படியே இருந்தது. சிவப்பு வெல்வெட் போட்ட மணமகன் நாற்காலியில் லட்சுமணசாமி உட்கார்ந்திருந்தார். மணமகள் நாற்காலியில் இன்னொரு நடுவர். மூன்றாமவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் உட்கார்ந்தால் ரிங்கின் பக்கத்து மூலையைக் கம்பம் மறைக்கும். அதைப் பற்றி லட்சுமணசாமிக்குக் கவலை இல்லை.

சண்டைக்கு முன்னால் ஒவ்வொருவனையும் மேடைக்கு அழைத்து விசாரிப்பது அவர் வழக்கம். விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"எந்தூரு கண்ணு?"

"பல்லடமுங்க."

"யாரு ஊட்டுப் பையன்?"

"கருப்புசாமி பையனுங்க."

"எந்தக் கருப்புசாமி? அரிசி மில்லுக்காரரா?"

"இல்லைங்க. காலனிங்க."

"செரி, செரி" என்றார். பிறகு வேறு எதையும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்துக் காதைக் குடைந்தார்.

எதிர்த்து ஆடப்போகிறவன் மதன்குமார். அவனிடம் எதையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. "வா மாப்ள, அம்மா நல்லாருக்காங்களா?" என்றார். அவருடைய மனைவியின் அண்ணன் மகன்.

மதன்குமார் மோசமான ஆட்டக்காரன் அல்ல. முதல் ரவுண்டு அவனுடையது. நீளமான கால், தள்ளி நின்றே உதைத்தான். அவனுக்குப் பத்து, ரவிக்கு ஒன்பது. நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

இரண்டாம் ரவுண்டில் ரவி உதைக்குள் புகுந்து நெருங்க ஆரம்பித்தான். ரசாக் பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வகுறு, வகுறு" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் நாதஸ்வரம் கேட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். கோழிப் பண்ணை முதலாளி நஞ்சுண்டன். பரிசுக் கோப்பைகள் அவர் கொடுத்தவை. மைக்கில் ஒருவர், "ஐயா அவர்களை எழுந்து நின்று வரவேற்போம்" என்றார்.

மண்டபம் முழுக்க எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. லட்சுமணசாமி மணமகன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, கைகளைக் கூப்பி, பல் முழுக்கத் தெரிய நின்றார். மற்ற இரு நடுவர்களும் அப்படியே. வீடியோக்காரர் லைட்டோடு வாசலுக்கு ஓடினார். ரிங்குக்குள்ளே நின்ற ரெஃப்ரி கூடக் கயிற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். சண்டையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மணி அடிக்கவில்லை. மணி அடிக்காமல் நிறுத்தக்கூடாது என்று படித்த இரண்டு பையன்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரவியின் இடது கை மதன்குமாரின் விலாவுக்குக் கீழே இறங்கியது. மதன்குமார் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து, முழங்காலில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தான். நானும் ரசாக் பாயும் பார்த்தோம். மதன்குமாரின் ஆட்களும் பார்த்தார்கள். ரெஃப்ரி கும்பிட்டு முடித்துத் திரும்புவதற்குள் அவன் கயிற்றைப் பிடித்து எழுந்துவிட்டான். ரெஃப்ரி "ஃபைட்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் ரவுண்டில் இருவருக்கும் மூச்சு இல்லை. ஒருவரை ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். இருவருக்கும் பத்து என்று போட்டார்கள். அது சரிதான். ஆனால் நடுவர்கள் யாருமே பார்க்காத இரண்டாம் ரவுண்டையும் மதன்குமாருக்குப் போட்டிருந்தார்கள். முப்பதுக்கு இருபத்தெட்டு என்று மதன்குமாரின் கையைத் தூக்கினார்கள்.

ரவி ரிங்கிலேயே நின்றான். க்ளவுஸைக் கழற்றச் சொன்னால் கையைக் கொடுக்கவில்லை. ரசாக் பாய் மேடைக்கு ஏறினார்.

"ஏனுங்க செயலாளரே, ரெண்டாவது ரவுண்டுல பையன் உளுந்தானுங்களே?"

"யாரு உளுந்தது?"

"உங்க மாப்ளதானுங்க."

"எங்க கண்ணுல படாதது நடக்கலீங்க பாய். மூணு நடுவர் இருக்கறோம். மூணு பேருமா குருடு?"

"குருடுன்னு சொல்லலீங்க. திரும்பி நின்னீங்கன்னு சொல்றேன்."

"பெரிய மனுசன் வரும்போது உக்காந்துட்டு இருக்கச் சொல்றீங்களா? உங்க பக்கம் அப்படித்தானுங்களா மரியாத?"

ரசாக் பாய் அவரை விட்டுத் திரும்பினார். மதன்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கால் வழுக்கிப்போச்சுங்க" என்றான். வீடியோக்காரரைக் கேட்டார். அவர் சந்தோஷமாகக் கேமராவைத் தட்டி, "ஐயா செருப்புக் கழட்டறதுலருந்து மாலை போடற வரைக்கும் முழுசா எடுத்திருக்கறனுங்க" என்றார்.

அப்போதுதான் ரசாக் பாய் மாலையோடு நின்றுகொண்டிருந்த நஞ்சுண்டனைப் பார்த்தார். அவர் உள்ளே வந்தபோது, ரிங் ஓரத்தில் நின்ற எங்களைத் தவிர மண்டபத்தில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒருவர்தான் ரிங்கைப் பார்த்தபடி நடந்து வந்தவர்.

"ஐயா, நீங்க உள்ள வரும்போது ரிங்குல என்ன பாத்தீங்க?"

"என்னங்க பாத்தேன், அந்த நீல டவுசர் பையன் வகுத்துல வாங்கி உளுந்தானுங்க. பெரிய அடிங்க அது. நான் பயந்துபோட்டு அப்படியே நின்னேன். நீங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எனக்குக் கும்புடறதா, ஓடிப் போயித் தூக்கறதான்னு தெரியல."

நீல டவுசர் மதன்குமார்.

லட்சுமணசாமியின் முகத்தை நான் அருகில் நின்று பார்த்தேன். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பந்தியில் தவறான ஆளுக்கு முதலில் இலை போட்டுவிட்டது தெரிந்தால் எப்படிப் பதறுவாரோ, அந்தப் பதற்றம்தான் வந்தது.

"ஐயா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். பென்சிலை எடுத்தார். மற்ற இருவரும் எடுத்தார்கள். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, எத்தனை போடட்டுமுங்க?" என்று கேட்டார்.

நஞ்சுண்டன் திகைத்துப்போனார். "என்னைக் கேட்டா? நான் கோழிக்காரனுங்க. உங்க சட்டத்துல என்ன இருக்குதோ அதப் போடுங்க."

ரசாக் பாய்தான் சொன்னார்: "எட்டுங்க."

அந்த ரவுண்டில் மதன்குமாருக்கு எட்டு, ரவிக்குப் பத்து என்று மாற்றிப் போட்டார்கள். ரவிக்கு இருபத்தொன்பது, மதன்குமாருக்கு இருபத்தெட்டு. விழுந்ததைப் பார்த்த பயிற்சியாளர் சொன்னபோது நடக்காத ஒன்று, மாலை போட்டவர் சொன்னதும் நடந்துவிட்டது. சரியான முடிவு வந்துவிட்டதே, பிறகு ஏன் கோபம் என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். நஞ்சுண்டன் அன்றைக்கு ரிங்கைப் பார்க்காமல் கும்பிட்டபடியே வந்திருந்தால் ரவி தறியோடு போயிருப்பான். அதனால்தான் கோபம்.

லட்சுமணசாமி அதோடு விட்டாரா? மைக்கை வாங்கினார். "நியாயம்னு வந்தா சொந்தம் பந்தம் பாக்காதவன் இந்த லட்சுமணசாமி" என்றார். கைதட்டினார்கள். ரவியை மேடைக்கு இழுத்து, "ஐயா கால்ல உளுந்து கும்புட்டுக்கோ கண்ணு. அவரு இல்லாட்டி உனக்கேது சென்னை?" என்றார்.

ரவி ரசாக் பாயைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஞ்சுண்டன், "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று பின்னால் நகர்ந்தார். லட்சுமணசாமி ரவியின் பிடரியில் கையை வைத்து அழுத்தினார். ரவி விழுந்தான். மூன்று ரவுண்டு அடிவாங்கியும் தரையைத் தொடாதவன். இம்முறை மூன்று நடுவர்களும் நன்றாகப் பார்த்தார்கள். வீடியோக்காரரும் எடுத்தார்.

வெளியே பைக் ஸ்டாண்ட் பக்கம் நாங்கள் நின்றிருந்தபோது மதன்குமார் வந்தான். விலாவில் கையை வைத்தபடி நடந்தான்.

"என்னத்தடா உள்ள வெச்சு அடிச்ச? இன்னும் மூச்ச முழுசா இழுக்க முடியல" என்றான்.

"வழுக்கி உளுந்தேன்னு சொன்னியே?" என்றான் ரவி.

"மாமா மேடையில இருக்கறாரு. அவரு பாக்கலைன்னு எல்லார்த்துக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்றது?"

"என்னோட சென்னை போயிருக்கும்டா."

மதன்குமார் விலாவைத் தடவிப் பார்த்தான். "வெந்நி ஒத்தடம் குடுத்தா செரியாயிருமா?" என்று கேட்டான்.

"ஐஸ் வைய்யி. வெந்நி வேண்டாம்" என்றான் ரவி.

பல்லடம் பஸ் வந்தது. முதலாளி படுப்பதற்குள் போய் லீவு சொல்ல வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரவி ஓடி ஏறினான். மண்டபத்துக்குள்ளே மணமகன் நாற்காலியில் லட்சுமணசாமி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போகும் அணிக்கு மேனேஜர் அவர்தான்.