களத்துக்குப் பின்னால் போகிற குழாய்

மாமா சட்டையைக் கழற்றி மாட்டுகிற அந்த மஞ்சள் கம்பம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. வலங்கைமான் பக்கத்தில் நெல் அவிக்கும் மில் வைத்திருந்தார். நெல் காய்கிற களத்துக்குப் பின்னால், மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாய் போவதைச் சொல்ல நட்ட கம்பம் அது. இங்கே தோண்டாதீர் என்று எழுதியிருக்கும். மாமாவுக்கு அது சட்டை மாட்டத் தோதான கம்பம், அவ்வளவுதான். நான் அவருடைய அக்கா மகள். திருவாரூரில் படித்து முடித்துவிட்டு மில்லின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பியது என் கெட்ட நேரம்.

மில் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். சுற்றிலும் வயலாக இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் புது நகர் வந்ததும், கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் கரி விழுகிறது என்று புகார் போயிற்று. உமியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறுங்கள், இல்லையென்றால் பாய்லரை நிறுத்துங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பாய்லர் நின்றால் புழுங்கல் அரிசி இல்லை, மில்லும் இல்லை. மாமா அசரவில்லை. "எரிவாயு நம்ம கொல்லையிலேயே போவுது. ஒரு மடையை வெட்டித் திருப்பி விட்டாப் போச்சு" என்றார்.

இது வாய்க்கால் இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பெரிய குழாயில் அழுத்தத்தோடு போகும் வாயுவை, அழுத்தம் குறைத்து, அளந்து, வெளியே விட ஒரு நிலையம் வேண்டும். டெலிவரி பாயிண்ட் என்பார்கள். அதை எங்கே வைக்கலாம் என்பதற்குத் தில்லியில் இருக்கிற ஒழுங்குமுறை வாரியம் ஒப்புதல் தர வேண்டும். மாமா அக்கம்பக்கத்து மில்காரர்களையும் சேர்த்துக்கொண்டு குழாய் நிறுவனத்தைக் கேட்டார். அவர்கள் வாரியத்துக்கு விண்ணப்பித்து, எங்கள் ஊராட்சியின் கருத்தையும் கேட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லாம் குழம்பியது. வயலில் எரிவாயுக் கிணறு தோண்டிவிடுவார்களோ என்ற பயம் டெல்டாவில் எல்லோருக்கும் உண்டு. அதனால் எங்கள் ஊர் கிராமசபையில் ஒவ்வொரு முறையும், எரிவாயு சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும் இங்கே வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போடுவார்கள். வாசிப்பார்கள், கை தூக்குவோம், டீ வரும். முன்மொழிவது எப்போதும் மாமா. விண்ணப்பம் போன பிறகு நடந்த சபையிலும் பழக்கத்தில் அவரேதான் முன்மொழிந்தார். ஊராட்சி அந்தத் தீர்மானத்தையே தன் கருத்தாக அனுப்பிவைத்தது.

நிறுவனத்து அதிகாரி மாமாவைப் போனில் கூப்பிட்டார்; ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "உங்க ஊர்ல எதிர்ப்பு இருக்குங்களே. பாயிண்டை மயிலாடுதுறை பக்கம் மாத்தலாமான்னு யோசிக்கிறோம்" என்றவர், முன்மொழிந்தவர் பெயரையும் படித்தார். போனைப் பிடித்திருந்த மாமாவின் பெயர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கிணறு வேணாம்னுதானே நான் சொன்னேன்? குழாயில வர்றதை வேணாம்னா சொன்னேன்?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஊராட்சித் தலைவி நல்ல மனுஷி. "இதுக்குப் போயி ஏண்ணே கலங்குறீங்க? அடுத்த சபையில நீங்களே எந்திரிச்சு மாத்திச் சொல்லுங்க, நாங்க கை தூக்குறோம்" என்றார். அதுவரை இடத்தை மாற்றுவதில்லை என்று நிறுவனமும் பொறுத்துக்கொண்டது.

அடுத்த சபைக்கு அந்த அதிகாரியும் வந்திருந்தார். மாமா எழுந்தார். நான் தாளில் எழுதிக்கொடுத்த இரண்டு வரியைச் சொன்னால் போதும். ஆனால் சபையைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்: "சார், குழாயில வர்றதை நாங்க வாங்கிக்கிறோம். அதைச் சாக்கா வச்சு நாளைக்கு எங்க வயல்ல கிணறு போட மாட்டாங்கன்னு சொல்லுங்க." அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. "கிணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அதுக்கு நான் எப்படிங்க வாக்குக் கொடுக்க முடியும்?" என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு என்று படித்த புத்தி சொன்னது. பயம் மட்டும் எனக்கும் போகவில்லை. ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய தீர்மானமே நின்றது.

டெலிவரி பாயிண்ட் மயிலாடுதுறை பக்கம் போயிற்று; அங்கிருந்து எங்கள் மில் வரை குழாய் இழுக்கக் கட்டுப்படியாகாது. பாய்லரைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று, அவித்த நெல்லின் வாசம் இல்லாத மில்லில் நானும் அவரும் நின்றிருந்தோம்.

"ஏம்மா, நான் செஞ்சது சரிதானா?"



"வயல் இருக்குல்ல மாமா" என்றேன்.

"ஆமா, வயல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் அழுதார்.