ஷட்டருக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் போட்டுப் பிழைக்கிறவனுக்கு, ஊர் லீவு விட்டால்தான் வேலை. ஆட்கள் இருக்கும்போது மௌஸில் கை வைத்தால், "இருங்க, பில் போடணும்" என்று விரட்டுவார்கள். லீவு நாளில் வரச் சொல்லி, சாவியைக் கையில் திணித்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலுமாக நான் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ்களில் யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று கேட்டால் தெரியாது. எல்லா நாற்காலியையும் காலியாகத்தான் பார்த்திருக்கிறேன். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரையில் சுற்றுகிற அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதற்குத்தான் நமக்கெல்லாம் சம்பளம்.

சொர்க்கவாசல் திறந்த அன்று

வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டத்துக்கே லீவு. சித்திரை வீதி ஆடிட்டர் அன்றைக்குப் பார்த்துத்தான் என்னை வரச் சொன்னார். வெளியே ஊரே "ரங்கா, ரங்கா" என்று போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே நானும் ஐந்து கம்ப்யூட்டரும். நாலு சமர்த்தாக முடித்துவிட்டன. ஆடிட்டருடையது மட்டும் முக்கால்வாசியில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. வாய்விட்டே திட்டினேன். கேட்பதற்கு யார் இருந்தார்கள்? பசி வேறு. ஏகாதசியன்று அந்த வீதியில் யாரிடம் போய் இட்லி கேட்பது?

சேவை முடித்து, திருமண்ணும் கசங்கின வேஷ்டியுமாக ஆடிட்டர் வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுஷருக்குக் கோபமே வரவில்லை.

"பெருமாள் ஊருக்கெல்லாம் வாசல் திறந்து விட்டுட்டார். இது ஒண்ணுதான் தாழ்ப்பாள் போட்டுண்டு உக்காந்திருக்கு."

ரிசப்ஷனில் ஒரு பகல்

சமயபுரம் லாட்ஜுக்கு லீவே கிடையாது. மேனேஜர் முருகேசன் "அப்டேட் போடலாமா" என்று திரையில் வரும்போதெல்லாம் "அப்புறம்" என்று தட்டித் தட்டியே மாசக்கணக்கில் ஓட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை போட வந்த பெரிய குடும்பம் ரூமுக்காக நிற்கும்போது, அது யாரையும் கேட்காமல் தானாகவே ஆரம்பித்துவிட்டது. எனக்கு போன் பறந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் போட்ட சத்தத்துக்கு நான் என்ன செய்வேன்? முருகேசன் பேப்பரில் பெயர் எழுதிச் சாவி கொடுத்துச் சமாளித்தார்.

அது முடிந்து, பிரிண்டர் வேலை செய்யாமல் போய், அதையும் சரி செய்து நிமிரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. முருகேசன் டீ வாங்கிக் கொடுத்தார். நான் வந்ததிலிருந்து என் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏன் சார், இவ்வளவு நேரம் ஆச்சே, வீட்டுல உங்கள யாரும் தேட மாட்டாங்களா?"

பாய் பூட்டிவிட்டுப் போன பிறகு

தேட மாட்டார்கள். என் மனைவி ஜெயந்தி குவைத்தில் நர்ஸ். பையன் சென்னையில் காலேஜ் ஹாஸ்டல். வீட்டில் நான் போய் லைட் போட்டால்தான் வெளிச்சம்.

பெரிய கடை வீதியில் ரஹீம் பாய்க்குத் துணிக்கடை. என் வயசுதான், ரியாத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் அவர் கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போவேன். ஜும்மா தொழுகைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து ஷட்டரைப் பூட்டிவிடுவார். திறந்து கிடந்தால் யாராவது லுங்கி கேட்டு வந்து நின்றுவிடுவார்களாம். எனக்கும் அது வசதி. ஜெயந்திக்கு வெள்ளிதான் லீவு. கம்ப்யூட்டர் தன் வேலையைப் பார்க்க, துணி மூட்டைமேல் உட்கார்ந்து அவளோடு பேசுவேன். அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் குடும்பம் நடத்துகிற நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கடைசி நாள். இன்னும் ரெண்டு வருஷம் இருப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று அன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "நீங்க என்னங்க சொல்றீங்க" என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்பட்டு ஒரு இடத்தைப் பிடித்தவளை, எனக்காக விட்டுவிட்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை. "உன் இஷ்டம்மா" என்றேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

பாய் வந்து ஷட்டரைத் தூக்கியபோது அப்டேட் எப்போதோ முடிந்திருந்தது. நான் லைட்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னாச்சு என்றார். கொட்டிவிட்டேன். சாவியைக் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"அதெல்லாம் சரி சேகர், 'வா'ன்னு ஒரு தடவை சொன்னீங்களா?"

வெளியே வந்து பேசியது

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு வந்து கூப்பிட்டேன். ஆட்டோவும் லோடு வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "வந்துடு ஜெயந்தி, தனியா இருக்க முடியல" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் ஜெயந்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இப்பதாங்க, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதி அனுப்பிட்டேன். மூணு வாரமா இந்த வார்த்தையத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்."

நான் போடுகிற அப்டேட் சரிவரவில்லை என்றால் பழையபடிக்கே திருப்பிக்கொள்ள கம்பெனிக்காரன் சில நாள் டைம் கொடுக்கிறான், குவைத்துக்காரன் கொடுக்கவில்லை.