எண்ணூரைக் கடலிலிருந்து பார்த்த மாலை

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் காலடிப்பேட்டையில் ஆட்டோ ஏறினோம். சென்னைத் துறைமுகம் வரை இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பேசினேன். மூன்று இரவு சொகுசுக் கப்பலில் போகிறவள் ஆட்டோவுக்குப் பேரம் பேசலாமா என்று கேட்காதீர்கள். கப்பல் டிக்கெட் நான் வாங்கியதல்ல.

நான் காலடிப்பேட்டையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கூட வந்த தேசம்மா எண்ணூர்க் கடலோரத்து நெட்டுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். ஒரு வஞ்சிரம் மீனின் விலையில் எங்களுக்குள் சண்டை வந்தது. அந்தச் சண்டைதான் வளர்ந்து சிநேகமானது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள், அப்பா அம்மா இருவருக்கும் விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் கப்பலில் இடம் பிடித்திருந்தாள். அப்பா ஏகாம்பரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி இதுதான்: ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்லி மாற்றிவிடுங்கள், அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து.

ஏகாம்பரம் ஏன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வாழ்நாளெல்லாம் ஃபைபர் போட்டில் மீன் பிடித்தவர். போன வருடம் முட்டி இரண்டும் போய்விட்டதால் போட்டை விற்றார். அதிலிருந்து வீட்டில் பேச்சே கிடையாது. கேட்டால் ஊம் என்பார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கலகலவென்று எல்லோரையும் கிண்டல் செய்த மனிதர்.

தேசம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. புருஷன் கடலில் இருக்கும்போது வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைக்க மாட்டாள். பாத்திரம் கவிழ்ந்தால் கடலில் போட் கவிழும் என்பது அவள் கணக்கு. ஒருநாள் அவள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கப் போனேன், கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். ஏகாம்பரம் கரையில் இருக்கும் நாட்களில் இதைச் சொல்லிச் சிரிப்பார். "கடல்ல இவ்ளோ பெரிய அலை கீது. அத்தப் பத்தி பயமில்ல, சொம்புக்கு பயப்படுறா பாரு" என்பார். போட்டை விற்ற அன்று இரவு, இனி அவர் கடலுக்குப் போகமாட்டார் என்று தேசம்மா எல்லாப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்து அடுக்கினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அன்று நின்ற பேச்சுதான்.

டிக்கெட் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தார். "நீ போமே. வடக்கால போற கப்பலு. எண்ணூரைத் தாண்டித்தான் போவும். கடல்ல இருந்து எண்ணூரை ஒரு தபா பாரு. பவர் ஹவுஸு பொகக்கூண்டு ரெண்டும் ஒரு எடத்துல ஒண்ணு பின்னால ஒண்ணு போய் ஒண்ணாத் தெரியும். அந்த லைன்லதான் நம்ம வலை போடுற எடம். பாத்துட்டு வந்து சொல்லு."

நெட்டுக்குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறுவதில்லை. கடலோரத்திலேயே பிறந்து, கடல் மீனை விற்றே பிழைத்த தேசம்மா கடலுக்குள் போனதே கிடையாது. அவர் கேட்டது இந்த ஒன்றுதான் என்பதால் சரி என்றாள். வந்து சொன்னால் அவர் மறுபடி பேசுவார் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கைதான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டிபோல வரிசை கட்டி நின்றன. ராயபுரம் தாண்டவே ஒரு மணி நேரம். கப்பல் மாலை ஐந்துக்குத்தான், ஆனாலும் துறைமுகப் பக்கம் போகிறவர்கள் லாரிகளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கப்பல்ல சமையல் வேலையா?" என்றார். "துன்ற வேலை நைனா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை குலுங்கியது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். மாத்திரை, மாற்றுத் துணி, கண்ணாடி எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். சோதனை செய்யும் இடத்தில் தேசம்மாவின் பையை நிறுத்தினார்கள். வறுத்த நெத்திலிக் கருவாடு, ஒரு பெரிய டப்பா நிறைய. வெளிச்சாப்பாடு உள்ளே போகாது என்றார் காவலர்.

"கப்பல்ல மீனு இன்னா லட்சணத்துல கீதோ. அதான் எடுத்தாந்தேன்."

"ரூல்ஸும்மா."

"அப்ப நீயே துன்னு. கீய போட்டுறாத."

காவலர் டப்பாவை வாங்கி மேசைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே போனதும் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அறைச் சாவியும் அதுதான், செலவுக் கணக்கும் அதுதான். கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் எல்லோரையும் கூட்டி ஆபத்துக் காலத்தில் எங்கே போக வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டினார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நான் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். இரட்டைத் தையல், நூலும் கெட்டி. தைரியம் வந்தது.

தேசம்மாவுக்கு வரவில்லை. கப்பல் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் தரை லேசாக அசைந்தது. அவள் அறைக்குள் ஓடிப்போய்க் கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிரூட்டியில் உடம்பு விறைத்தது; ஒரு சால்வை அவசியம். கொஞ்ச நேரத்தில் எனக்குக் குமட்டத் தொடங்கியது. கடலைப் பார்த்திராத அம்பத்தூர்க்காரிபோல நான் வாந்தி எடுக்க, பயந்து நடுங்கிய தேசம்மா என் முதுகைத் தடவிவிட்டாள். அவளுக்குக் குமட்டலே இல்லை.

"மேல போலாம் தேசம்மா. காத்துப் பட்டா சரியாப்பூடும்."

"நீ போ டெய்லரக்கா. நான் வரல. கால் எங்கியோ தொங்கினு கீற மாரி கீது."

"எண்ணூரு தாண்டிப்பூடும். அப்புறம் போய் அவருகிட்ட இன்னா சொல்லுவ? கட்டில் நல்லா இருந்துச்சின்னு சொல்லுவியா?"

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று அது உதவியது. முறைத்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

மேல்தளத்துக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக்கூடம். வரிசை வரிசையாகக் காபிக் கோப்பைகள், எல்லாமே சாசர்மேல் கவிழ்த்து வைத்தவை. தேசம்மா நின்றுவிட்டாள். அடுத்த நொடி முதல் மேசைக்குப் போய்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை, தடுத்தாலும் கேட்கிறவளில்லை. இரண்டாவது மேசைக்குப் போவதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட பரிமாறுபவர் ஒருவர் வந்துவிட்டார். நல்லவேளை, நாகர்கோவில்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர்லயும் இப்பிடி ஆயிரம் இருக்கும்மா" என்று சிரித்தார். "எல்லா மேசையும் முடியாது. உங்க மேசைய நிமித்தியே வைக்கச் சொல்லுதேன்."

சொன்னபடி செய்தார். ஜன்னலோரத்து மேசை ஒன்றில் மட்டும் திங்கள் காலை வரை கோப்பைகள் வாய் திறந்தே இருந்தன.

படியேறும்போது தேசம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவுரு கடல்ல இருந்தப்போ வூட்ல நான் பாத்துகினேன். இப்ப நான் கடல்ல கீறேன். வூட்ல யார்க்கா பாத்துப்பா? அந்தாளுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே இடது பக்கம் போய் நில்லுங்கள். வடக்கே போகிற கப்பலில் கரை அந்தப் பக்கம்தான். வலது பக்கம் வெறும் தண்ணீர். ஆனால் எல்லோரும் வலது பக்கத்தில்தான் இருந்தார்கள்; பாட்டுக் கச்சேரி அங்கே. இடது பக்கக் கம்பியோரம் நாங்கள் இருவர் மட்டும். காற்று பட்டதும் என் குமட்டல் நின்றது. கப்பலில் தலை சுற்றினால் அறைக்குள் படுக்காதீர்கள். வெளியே வந்து தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள்.

மணி ஆறாகியிருந்தது. சூரியன் எர்ணாவூருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அடிக்கடி நான் பஸ்ஸில் போகிற, மூக்கைப் பொத்துகிற, திட்டிக்கொண்டே கடக்கிற அந்த இடம் முழுவதும் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கோட்டுக்கு மேலே அனல்மின் நிலையத்தின் இரண்டு புகைக்கூண்டுகள். இவ்வளவு தூரத்திலிருந்து அவை அழகாக இருந்தன. எனக்கே ஆச்சரியம்.

"ரெண்டுக்கும் நடுவுல எடம் கீதே" என்றாள் தேசம்மா.

"கப்பல் போவுது இல்ல, சேரும். பாத்துகினே இரு."

அந்த இடைவெளி குறைந்தது. ஒரு கூண்டு மற்றதை நோக்கி நகர்ந்துகொண்டே போய், மெல்ல மறைந்து, கடைசியில் ஒரே ஒரு கூண்டு நின்றது. தேசம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்த லைன்லதான்" என்றாள். கீழே கறுத்துக்கொண்டு வரும் தண்ணீரைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

"எம்மாந் தூரம்க்கா. வூடு கூடத் தெரியல. இங்கயா அந்த மன்சன் ஒத்தையா குந்திகினு இருந்தாரு?" என்றவள், "லேட்டா வந்தா சண்டை போடுவேன்க்கா. மீனு கெட்டுப்பூச்சின்னு கத்துவேன்" என்று அழுதாள். நானும் அழுதேன். கூண்டுகள் மெல்ல விலகி மறுபடி இரண்டாயின.

உடனே அவருக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். சிக்னல் போயிருந்தது. கரையை விட்டுக் கொஞ்சம் விலகியதும் போய்விடுகிறது, கப்பலின் வைஃபைக்குத் தனிக் காசு. வீட்டில் பேச வேண்டியவர்கள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே பேசிவிடுங்கள்.

சனிக்கிழமை பகல் முழுவதும் தண்ணீர்தான். அதற்குப் பிறகு தேசம்மா அறையில் தங்கவேயில்லை, விடிந்ததிலிருந்து கம்பியோரம்தான். நான் இட்லியிலிருந்து ஐஸ்கிரீம் வரை எல்லாவற்றையும் ருசி பார்த்தேன். முதல் வேளையிலேயே தட்டை நிரப்பாதீர்கள், சாப்பாடு ஓடிப்போகாது. மாலை விசாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். எல்லோரும் கடற்கரைக்கும் கோயிலுக்கும் போக, தேசம்மா என்னை மீன் மார்க்கெட்டுக்கு இழுத்துப்போனாள். தனக்குத் தெரிந்த தெலுங்கில் வஞ்சிரம் விலை விசாரித்து, அநியாயம் என்று சொல்லி, எதுவும் வாங்காமல் சந்தோஷமாகத் திரும்பினாள். சிக்னல் வந்தும் போனைத் தொடவில்லை; எண்ணூரை அவரிடம் நேரில்தான் சொல்லுவேன் என்றாள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கப்பல் சென்னைக்குத் திரும்பக் கிளம்பியது.

திங்கள் காலை துறைமுகத்தில் இறங்கியதும் தரை ஆடியது. பயப்பட வேண்டாம், அது ஒரு நாள் இருக்கும். தேசம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஆட்டோவில் நெட்டுக்குப்பம் வரை போனேன், நானூறு ரூபாய். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் நெருங்கியதும் பழைய வாசனை வந்தது. முதன்முறையாக மூக்கைப் பொத்தாமல் கூண்டுகளை அண்ணாந்து பார்த்தேன்.

ஏகாம்பரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்று, முட்டி வலியில் மறுபடி உட்கார்ந்தார். தேசம்மா பையை வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனவள், சமையல் மூலையில் அப்படியே நின்றுவிட்டாள். என்ன ஆயிற்றோ என்று நானும் போனேன்.

சோற்றுப்பானை, குழம்புச் சட்டி, டம்ளர்கள், குடம், அவள் மீன் கழுவுகிற அலுமினியப் பாத்திரம். எல்லாம் கழுவித் தரையில் பரப்பி வைத்திருந்தது. ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. டம்ளர்களுக்குள் கழுவிய தண்ணீர் அப்படியே தேங்கியிருந்தது.

தேசம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். "இன்னாய்யா இது?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னா இது? கவுக்க மறந்துட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கடைசியாகச் சொம்பை எடுத்தபோது அவர் குரல் கொடுத்தார்.

"அத்த உடுமே. அதுல தண்ணி மொண்டுகினு இங்க வந்து குந்து. கடல்ல இருந்து எண்ணூரு எப்டி கீது? மொதல்ல இருந்து சொல்லு."

தேசம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். நான் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருவில் இறங்கும்போது அவள் குரல் கேட்டது.

"மொதல்ல ரெண்டு கூண்டுதான்யா தெரிஞ்சுது..."