அஜிசாய் கோயிலில் தூங்கிப்போனோம்

மகளின் பிரசவத்துக்காக நான் ஜப்பான் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பேரன் பிறந்து ஏழு வாரம். பகலெல்லாம் தூங்குவான், இரவெல்லாம் அழுவான். எனக்கும் மகளுக்கும் எது காலை, எது மாலை என்பதே மறந்துபோயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன் சொன்னார். "கொழந்தைய நான் பாத்துக்கறங்க அத்தை. ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. அஜிசாய் பூத்திருக்குது."

ஊட்டியில் பந்து பந்தாக நீலமாகப் பூக்குமே, ஹைட்ரேஞ்சியா, அதைத்தான் அங்கே அஜிசாய் என்கிறார்கள். எனக்குப் போக மனமில்லை. நல்லம்பள்ளியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சாமந்தி. முப்பது வருடமாக விடியுமுன் எழுந்து பூப்பறிக்கிறவளுக்கு, பூப்பார்க்கப் போவதென்றால் வேலைக்குக் கிளம்புவது மாதிரி இருந்தது. மகளின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைப் பார்த்துத்தான் புறப்பட்டேன்.

ரயிலில் இரண்டு நிலையம். தூறிக்கொண்டே இருந்தது. கோயில் வாசலில் கைகழுவும் கல்தொட்டியில் நாலைந்து பூக்கொத்துகளை மிதக்க விட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மேலே ஏறும் படிகள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நீலம், ஊதா, சில இடங்களில் வெளிறிய பச்சை. அப்போது வீட்டுக்காரர் போன் செய்தார். ஊரில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"பறிப்பு முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

"எங்க முடிஞ்சுது. ரெண்டு ஆளு வரல. நீ எங்கிருக்கற?"

"பூப்பாக்க வந்தோங்க. மலை பூராவும் பூ."

"யாரு பறிக்கறாங்க?"

"யாரும் பறிக்கறதில்லீங்க. செடியிலயே வுட்டுடறாங்க."

"வாசம் வருதா?"

"இல்லீங்க."

"செரி, பாத்துட்டு வா" என்று வைத்துவிட்டார்.

இருபது படிக்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்து மண்டபத்தின் தாழ்வாரத்தில் மரப்பலகை இருந்தது. உட்கார்ந்தோம். மகள் பூவைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு வாரத்துல நீ போயிருவ. அப்பறம் நான் என்ன பண்ணுவேன்னே தெரியலம்மா."

எனக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றிருந்தது. என் பாயில், என் பாஷை கேட்கிற இடத்தில் படுக்க வேண்டும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "மொதல்ல செத்த நேரம் சாஞ்சுக்க" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். அவள் கண்ணை மூடினாளா என்று பார்க்குமுன் நானே தூங்கிப்போனேன்.

விழித்தபோது எங்கள் கால்மாட்டில் ஒரு குடை விரித்தபடி இருந்தது. சாரல் அடிக்கிற பக்கமாகச் சாய்த்து யாரோ வைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி இலை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நானும் கும்பிட்டேன்.

மகளை எழுப்பினேன். மருமகன் நாலு தடவை போன் செய்திருந்தார். அவள் சட்டை பாலில் நனைந்திருந்தது.

"பூவச் செரியாவே பாக்கலியேம்மா."

"எறங்கையில பாத்துக்கலாம், நட."

பார்க்கவில்லை. ஓட்டமாக இறங்கினோம். வீடு வந்தால், மருமகன் வாசலிலேயே குழந்தையோடு நின்றிருந்தார். ஈரக் காலுறையைக் கூடக் கழற்றாமல் மகள் பால் கொடுக்க உட்கார்ந்தாள். நான் அரிசி களையப் போனேன்.