பாலாற்று மணலும் ஆதிகேசவனின் முன் ஆக்சிலும்

ஆதிகேசவனின் வண்டியில், நாலு சக்கரமும் இழுக்கும் என்ற பொருளில், ‘ஃபோர் வீல்’ என்று எழுதியிருப்பது வெறும் ஸ்டிக்கர் என்று சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு. கார்த்திகையில் கிளம்பியது, மார்கழிக்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. முதலில் ஸ்டிக்கர் மட்டும்தான். பிறகு, முன் சக்கரத்தை இயக்கும் சாமான்களை அவர் கழற்றி ஆந்திரா பக்கம் விற்றுவிட்டார் என்றார்கள். கடைசியாகக் காதில் விழுந்தபோது, விற்ற காசில் மனைவிக்கு நெக்லஸ் வாங்கியிருந்தார். அந்த நெக்லஸை யாரும் பார்க்கவில்லை. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஊருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

விசாரித்ததில், ஸ்டிக்கர் உண்மை. கம்பெனி ஒட்டிய எழுத்து உதிர்ந்துபோனதால் புதிதாக ஒட்டியிருக்கிறார். முன் சக்கரச் சாமான்கள் அத்தனையும் வண்டியிலேயே இருக்கின்றன. நெக்லஸ் இல்லை.

“ஊர்ல யாரு சொன்னாங்களோ அவங்களையே வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. போட்டுக்கினு வந்து காட்டுறேன்” என்றார் ஆதிகேசவனின் மனைவி புவனேஸ்வரி.

ஆதிகேசவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலாற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல், சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வீடு, பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்று. விடிந்தால் பால் கேன், பிறகு ஏனாத்தூர் விடுதிகளுக்குக் காய்கறி, ஆள் கிடைத்தால் வைக்கோல். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அந்த வண்டி தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. அதற்கு இரண்டு சக்கர இழுவையே அதிகம்.

மிச்சமிருக்கும் ஒரு நாள்தான் விஷயம். தை மாதம் சுற்றுவட்டாரக் கோயில்களின் பெருமாள்கள் பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் கூடுகிற நாள். அன்றைக்கு ஆற்று மணலில் ஒரு அன்னதானப் பந்தல் போடுவார்கள். நாலு அண்டா புளியோதரை அங்கே போய்ச் சேர வேண்டும். பாலம் இருக்கிறது. ஆனால் பாலத்தின் மேல் மனிதர்கள் இருப்பார்கள், பந்தல் பாலத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே ஆற்றுக்குள் ஓடுகிற ஓடையைத் தாண்டி, மணலில் இறங்கித்தான் போயாக வேண்டும். அண்டா ஏற்றிப்போகும் முறை பரம்பரையாக ஆதிகேசவன் குடும்பத்துடையது. கூலி கிடையாது. பந்தலில் விழும் முதல் கரண்டி, வண்டி ஓட்டி வந்தவர் இலையில் விழும். அவ்வளவுதான் வருமானம்.

போன தையில் அந்த வருமானம் போயிற்று. ஓடையைத் தாண்டியதும் வண்டி மணலில் புதைந்தது. பின் சக்கரங்கள் குழி தோண்டின. முன் சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. ஜனங்கள் பந்தலில் காத்திருக்கவில்லை. பாதி ஆற்றில் நின்ற வண்டிக்கே இலையோடு வந்துவிட்டார்கள். ஒரு டிராக்டர் வந்து காலி அண்டாக்களோடு வண்டியை இழுத்தது. முதல் கரண்டி யாரோ ஒருவர் இலையில் விழுந்தது. அவர் செங்கல்பட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவராம்.

அன்னதானத்தை நடத்துகிறவர் அரிசி மண்டி வரதராஜன். மார்கழி பிறந்ததும் ஆதிகேசவனைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஆதி, இந்த வாட்டி டிராக்டருக்குச் சொல்லிடலாமான்னு பாக்குறேன்பா.”

“வேணாம் முதலாளி. வண்டிய சரி பண்ணிடுறேன்.”

“சரி பண்ணிட்டன்னு நீ சொன்னா பத்தாது. போகிக்கு முன்ன ஆத்துல இறக்கிக் காட்டு. நின்னுடுச்சுன்னா முறை டிராக்டர்காரனுக்குப் போயிடும். ஒரு வாட்டி போனா போனதுதான், தெரியுமில்ல?”

தெரியும். முறை என்பது காஞ்சிபுரத்தில் நிலத்தைவிடக் கெட்டி. கைமாறினால் பேரன் காலத்திலும் திரும்பாது.

வண்டி ஏனாத்தூர் ரோட்டில் பிரேம்நாத்தின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிற்று. முன் ஆக்சிலில், அதாவது முன் அச்சில், ஒரு பக்கத் தண்டு இரண்டு துண்டாக இருக்கும் என்று பிரேம்நாத் விளக்கினார். தார் ரோட்டில் துண்டுகள் தனித்தனியாக இருக்கும். முன் பக்கப் பல் சக்கரங்கள் வீணாகச் சுற்றாது, டீசல் மிச்சம். ஃபோர் வீல் போட்டால், இஞ்சின் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில் ஒரு வளையம் நகர்ந்து இரண்டு துண்டையும் சேர்க்கும். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் டிஸ்கனெக்ட்.

“அப்போ வளையம் ஏன் நகரல?”

பிரேம்நாத் ரப்பர் குழாயை உருவி மேசையில் போட்டார். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வெடிப்பின் மேல் மெல்லிய நூல் சுற்றியிருந்தது. நல்ல அரக்கு நிறம். பட்டு.

“இன்னாபா இது, வண்டிக்குச் சேலை கட்டி வுட்டுருக்குற?”

கட்டியது குமாரவேல். ஆதிகேசவனின் பக்கத்து வீட்டு நெசவாளர். போன வருடம் ஆடியில் குழாய் வெடித்தபோது, கழிவுப் பட்டு நூலை முறுக்கிச் சுற்றி, தறியில் பாவு நூல் விறைக்கப் போடுகிற அரிசிக் கஞ்சியை மேலே பூசி, வெயிலில் காய வைத்துக் கொடுத்தார். கொம்பு மாதிரி இறுகிவிட்டது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட நேரத்தில் சைக்கிள் டியூபைத் தேடுவார்கள். இங்கே கைக்கெட்டிய தூரத்தில் பட்டும் கஞ்சியும்தான் இருந்தன. தார் ரோட்டில் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஓடைத் தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்தது. காற்று ஒழுகியது. வளையம் நகரவில்லை.

“புதுக் குழாய் போட்டா முடிஞ்சுபோச்சு. வேணாம்னா, டிஸ்கனெக்ட்டையே எடுத்துடலாம். வளையத்தைச் சேர்ந்தாப்ல பூட்டிட்டு, குழாய் வர்ற ஓட்டையில ஒரு தகடு அடிச்சுடுவேன். அப்புறம் குழாயும் இல்ல, காத்தும் இல்ல. ஆனா முன் பக்கம் எந்நேரமும் சுத்திக்கினே இருக்கும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், சாமான் தேயும், ஒரு முனகல் சத்தம் வரும். ஒரு நாளைக்காக வருஷம் பூரா குடுக்கணும். யோசிச்சுச் சொல்லு.”

ஆதிகேசவன் நாலு நாள் யோசித்தார். குழாயை மாற்றினால், ஏன் மாற்றினாய் என்று வரதராஜன் கேட்பார். குமாரவேலின் கஞ்சி என்று சொல்ல வேண்டிவரும். கல்யாணப் பட்டு நெய்து கொடுக்கிற மனிதரின் கஞ்சி தண்ணீரில் கரைந்தது என்று ஊரில் சொன்னால், அது குழாயோடு நிற்குமா? பட்டின் கதையாகவும் ஆகிவிடும். டிஸ்கனெக்ட்டையே எடுத்துவிட்டால், கம்பெனி செய்த கோளாறு என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். கம்பெனி வந்து சண்டை போடப்போவதில்லை. தவிர, இன்னொரு ரப்பரை நம்பி ஆற்றில் இறங்கவும் அவருக்கு மனமில்லை.

“எந்நேரமும் சுத்தினா தேஞ்சுடும்ங்குறான் மெக்கானிக்” என்றார் மனைவியிடம்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து நானுந்தான் உங்களோட சேர்ந்தே சுத்திக்கினு இருக்குறேன். தேஞ்சா போயிட்டேன்?”

“முனகல் சத்தம் வருமாம்.”

“அது உங்களுக்குப் பழகினதுதானே!”

மறுநாள் டிஸ்கனெக்ட் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் ஆதிகேசவன், “கம்பெனிக்காரன் வெச்ச ஐட்டமே சரியில்லபா” என்று சொல்லி வந்தார். அந்தப் பெருந்தன்மை ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் குமாரவேலே டீக்கடையில் உட்கார்ந்து, “வெறும் கஞ்சியில ஆறு மாசம் வண்டி ஓட்டி வெச்சேன், எந்த மெக்கானிக்காவது செய்வானா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தையில் அவர் தறிக்கு வந்த கல்யாண ஆர்டர் எதுவும் திரும்பிப்போனதாகத் தகவல் இல்லை.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் ஆற்றில் இறக்கிக் காட்டினார்; வண்டி எங்கும் புதையவில்லை. திருநாளன்று நாலு அண்டாவும் ஏறின. ஓடையில் பம்பர் வரை தண்ணீர். அக்கரை மணலில் பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. முன் சக்கரம் கவ்வி இழுத்தது. பந்தல் வாசலில் வண்டி நின்றது. வரதராஜன் முதல் கரண்டியை ஆதிகேசவன் இலையில் போட்டார். அவர் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உப்பு போதுமாபா?” என்றார்.

“போதும் முதலாளி.”

முறை கைமாறாமல் நின்றது.

பிரேம்நாத் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. பெருமாள் வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லி, திருநாளுக்கு முதல் நாள் மூன்று அடுக்கு டிபன் கேரியரைக் கொடுத்து, பந்தல் புளியோதரையால் நிரப்பி வரச் சொல்லியிருந்தார். முதல் கரண்டி விழுந்த சந்தோஷத்தில் ஆதிகேசவன் கேரியரை மறந்தார். ஞாபகம் வந்தபோது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் புவனேஸ்வரி வீட்டில் கிளறி மூன்று அடுக்கும் நிரப்பிக் கொடுத்தனுப்பினார். பிரேம்நாத் ஒரு வாய் போட்டு, மென்று, நிறுத்தினார்.

“பல்லுல மணலே மாட்டலியே. இது உங்க வூட்டுதுபா.”

மூன்று அடுக்கையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கேரியரைக் கழுவி ஆதிகேசவன் கையிலேயே கொடுத்தார். இது கூலிக் கணக்கில் சேராதாம்; பந்தல் புளியோதரை இன்னும் பாக்கியாம்.